கூடத்தில் ஒரு பள்ளிக்கூடம்: வாசகர் கேள்வி பதில்

வலங்கைமான் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கூட்டுக் குடும்பத்துப் பிள்ளைகள் ஏழு பேரை வீட்டிலேயே படிக்க வைத்தவர் இந்தப் பகுதியை எழுதும் அக்கா. நான்கு பேர் அவருடைய பிள்ளைகள், மூன்று பேர் கொழுந்தனாரின் பிள்ளைகள். இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு அவர் தரும் பதில்கள்:

அக்கா, எனக்கு அஞ்சு பிள்ளைகள். பெரியவனுக்கு 13 வயசு, அப்புறம் 10, 8, 6, கடைக்குட்டிக்கு 3. வருகிற ஜூனிலிருந்து வீட்டிலேயே சொல்லிக் கொடுப்பது என்று நானும் அவரும் முடிவு பண்ணியிருக்கிறோம். எல்லா வகுப்புப் புத்தகங்களையும் வாங்கி அடுக்கிவிட்டேன். அதைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. ஒருத்தி எப்படி அஞ்சு வகுப்பு எடுப்பது?
– வாசகி, மன்னார்குடி

அஞ்சு வகுப்பு எடுக்க வேண்டாம் அம்மா. ஒரே வகுப்புதான். எல்லோருக்கும் ஒரே பாடம், அவரவர் வயதுக்குத் தக்க ஆழம். நிறையப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இது ஒன்றைத்தான். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

நீங்கள் ஜூனில் தொடங்குவது ரொம்ப நல்லது. நம் பக்கத்தில் முதல் பாடத்தை ஆறே கொண்டுவந்து தரும். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. நீர் இருப்பைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்துக் கிடந்தோம். திறந்த மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வரும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரித்து விடுவார்கள். உங்களுக்கு வருவது வெண்ணாற்றுத் தண்ணீர். நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பு இருக்கிறதே, அங்கே வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. பாமணியாறு உங்கள் ஊருக்கு வருகிறது. இவ்வளவுதான் பாடம். இதை அஞ்சு பேருக்கும் எப்படிக் கொடுப்பது என்று சொல்கிறேன்.

தண்ணீர் வருகிற அன்றைக்கு எல்லோரும் ஆற்றங்கரைக்குப் போய்விடுங்கள். புதுத் தண்ணீர் நுங்கும் நுரையுமாக, குப்பையையும் ஆகாயத்தாமரையையும் தள்ளிக்கொண்டு வரும். கடைக்குட்டியை இடுப்பிலிருந்து இறக்காமல் இலையைக் கிள்ளிக் கிள்ளிப் போடச் சொல்லுங்கள், அது போகிற திசையைக் கையால் காட்டட்டும். அவளுக்கு அன்றைய பாடம் அதுதான். ஆறு வயசுக்குச் சிலேட்டில் அஞ்சு சொல்: ஆறு, அணை, மடை, கரை, மீன். எட்டு வயசு, முதல் தண்ணீரில் என்னென்ன மிதந்து வந்தது என்று நாலு வரி எழுதட்டும். எழுத்துப் பிழையை அன்றைக்குத் திருத்தாதீர்கள். பத்து வயசுக்காரர் ஒரு பெரிய தாளில் மேட்டூரிலிருந்து உங்கள் வீட்டு வாய்க்கால் வரைக்கும் வரைபடம் போடட்டும். கல்லணையையும் மூணாறு தலைப்பையும் அதில் குறிக்க வேண்டும். தாள் வேண்டுமே என்று யோசிக்காதீர்கள், கல்யாண வீட்டில் மேசைக்கு விரிக்கிற வெள்ளைத் தாள் சுருள் ஒன்று வாங்கினால் வருஷம் பூராவும் வரும்.

பெரியவனுக்குக் கணக்கு. மேட்டூரின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. நொடிக்கு 10,000 கன அடி திறந்தால் ஒரு டி.எம்.சி. போக எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு லட்சம் நொடி. ஒரு நாளுக்கு 86,400 நொடி. ஆக ஒரு நாளும் இன்னும் மூன்றே முக்கால் மணி நேரமும். அணையின் நீர்மட்டம் தினமும் பேப்பரில் வருகிறது. அதை வெட்டி ஒட்டிக்கொண்டே வந்தால் ஜனவரியில் அணை மூடுகிற வரைக்கும் ஒரு வரைகோடு கிடைக்கும். பத்தாம் வகுப்புப் பையன்கள் பயப்படுகிற வரைபடத்தாள் உங்கள் பிள்ளைக்கு ஆற்றோடு சேர்ந்து பழகிவிடும்.

சாயங்காலம் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, அவரவர் செய்ததை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். இந்த அரை மணி நேரத்தை விடவே கூடாது. பெரியவன் டி.எம்.சி. கணக்கைச் சொல்லும்போது எட்டு வயசுக்குப் புரியாது, புரியவும் வேண்டாம். காதில் விழுந்தால் போதும். அடுத்த ஜூனிலும் தண்ணீர் வரும், அப்போது வரைபடம் போடுகிறவள் அவள்தான். பெரிய குடும்பத்தில் மட்டும் கிடைக்கிற வசதி இது. என் கொழுந்தனாரின் கடைசிப் பெண், அக்கா அண்ணன்கள் சொல்லக் கேட்டே பாதியைப் படித்துவிட்டாள். அவளுக்கென்று உட்கார்ந்து நான் சொல்லிக் கொடுத்தது குறைவு.

இரண்டை மட்டும் இப்படிச் சேர்த்துப் போடாதீர்கள். புதிதாக வாசிக்கக் கற்கிற பிள்ளைக்கும், கணக்கில் புதுப்படி ஏறுகிற பிள்ளைக்கும் தனியாக நேரம் வேண்டும். ஆளுக்குப் பதினைந்து நிமிஷம் போதும். ஆனால் அந்தப் பதினைந்து நிமிஷமும் உங்கள் கண் அந்தப் பிள்ளை மேலேயே இருக்க வேண்டும்.

வாங்கிய புத்தகங்கள் வீணில்லை. மாதம் ஒருமுறை எடுத்து, இந்த வகுப்புக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெரியவனுக்குக் கணக்கும் அறிவியலும் தினமுமே புத்தகத்திலிருந்து நடக்கட்டும்.

எங்கள் வீடு இரண்டே அறை. மாமனார் கூடத்தில் கட்டிலோடு இருக்கிறார். போனில் பார்த்தால் ஹோம்ஸ்கூல் வீடுகளில் தனி அறை, மர அலமாரி, தொங்கு விளக்கு என்று அவ்வளவு அழகாக வைத்திருக்கிறார்கள். நான் பிள்ளைகளுக்கு இதமான இடம் எங்கே உண்டாக்குவேன்?
– வாசகி, நாகப்பட்டினம்

மாமனார் கட்டில் பக்கத்திலேயே உண்டாக்குங்கள். நான் இதைச் சமாதானத்துக்குச் சொல்லவில்லை. எங்கள் மாமியார் கடைசி மூன்று வருஷம் கூடத்துக் கட்டிலில்தான் இருந்தார்கள். அவர்கள் கால்மாட்டில் பாயை விரித்துத்தான் எங்கள் பள்ளிக்கூடம் நடந்தது. பல்லாங்குழியில் அவர்களை ஜெயிக்க ஆள் கிடையாது. ஒரு குழிக் காயை அள்ளும்போதே அது எங்கே போய் முடியும் என்று சொல்லிவிடுவார்கள். மனக்கணக்கு என்றால் என்ன என்று எங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். உங்கள் மாமனாரால் பேச முடிந்தால் தினமும் ஒரு கேள்வி அவரிடம் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். கடலுக்குப் போனவர் என்றால் எந்தப் படகில் போனார், அப்போது மீன் என்ன விலை, புயல் வந்தபோது எங்கே ஒதுங்கினார்கள். பேச முடியாவிட்டால் பிள்ளைகள் அவருக்குப் பேப்பர் வாசித்துக் காட்டட்டும். கேட்க ஒரு ஆள் இருந்தால் பிள்ளை வாய்விட்டு வாசிக்கும்.

பிள்ளைகளுக்கு இதம் என்பது அலமாரியில் இல்லை. தினமும் அதே இடம், அதே நேரம், தொடங்குவதும் அதே மாதிரி. எங்கள் வீட்டில் ஒரு பழைய டிரங்குப் பெட்டி. மாமியார் கல்யாணத்துக்கு வந்தது, ஒரு பக்கத்துப் பூட்டு உடைந்தது. காலையில் ஒன்பது மணிக்கு அதைத் திறக்கிற சத்தம் கேட்டால் கொல்லையில் இருக்கிற பிள்ளையும் வந்துவிடும். உள்ளே சிலேட்டுகள், ஒரு டப்பா சாக்பீஸ், புளியங்கொட்டை நிறைந்த ஹார்லிக்ஸ் பாட்டில், அட்டைக் கட்டுகள், தையல்காரர் டேப், பழைய பூதக்கண்ணாடி, ஆளுக்கொரு நோட்டு. பதினொரு மணிக்கு எல்லாம் உள்ளே போய் மூடி விழுந்துவிட வேண்டும். அதுக்கப்புறம் கூடம் மறுபடியும் கூடம்தான், யார் வேண்டுமானாலும் காலை நீட்டிப் படுக்கலாம்.

ஆமாம், காலையில் இரண்டு மணி நேரம் போதும். முப்பது நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்த வகுப்பில் வருகை எடுப்பது, நோட்டு திருத்துவது, அடுத்த பிள்ளைக்காகக் காத்திருப்பது என்று போகிற நேரம் வீட்டில் மிச்சம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கதை வாசியுங்கள். பெரியவர்களுக்கான கதையாக இருந்தாலும் சின்னதுகள் மடியில் கிடந்து கேட்கும். கிளை நூலகத்தில் உறுப்பினர் அட்டை போட்டுக்கொண்டால் புத்தகத்துக்குச் செலவே இல்லை. ஐப்பசி கார்த்திகையில் நாலு நாள் விடாமல் மழை பிடிக்கும்போது, கரண்ட் வேறு போய்விட்டால், அந்த நாட்களில் காலைப் பாடத்தையே விட்டுவிட்டு ஒரு தட்டு அவித்த வேர்க்கடலையை நடுவில் வைத்துக் கதைதான் வாசிப்பேன். இன்றைக்கும் எங்கள் பிள்ளைகள் மழை பெய்தால் அதைத்தான் பேசுகிறார்கள்.

பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பது சட்டப்படி குற்றமா? நாளைக்குப் பத்தாவது பரீட்சை எப்படி எழுதுவார்கள்? சொந்தக்காரர்கள் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.
– வாசகர், திருத்துறைப்பூண்டி

தம்பி, நடப்பை அப்படியே சொல்லிவிடுகிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்து 2010 ஏப்ரல் 1-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று சட்டத்தில் இருக்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு இன்ன தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. வீட்டுக் கல்வி என்று தனியாக அனுமதி கொடுக்கிற ஏற்பாடும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

பரீட்சைக்கு வழி உண்டு. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம், பன்னிரண்டரை வயது நிறைந்திருக்க வேண்டும். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிறது. பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. என்.ஐ.ஓ.எஸ். என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். பத்தாவதில் சேர 14 வயது ஆகியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோரும் அந்த வழியில்தான் எழுதினார்கள்.

இனி எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம். உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படிக்கிறதா? அப்படியென்றால் நிறுத்துவதற்கு முன்னால் நன்றாக யோசியுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-லிருந்து இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் 2022-ல் வந்தது. வீட்டில் படித்தால் இவை கிடைக்காது. பக்கத்துப் பள்ளியில் நல்ல ஆசிரியர் இருக்கிறார், பிள்ளை சந்தோஷமாகப் போய்வருகிறது என்றால் அனுப்புங்கள். நான் இங்கே எழுதுகிற பாடங்களைச் சாயங்காலமும் சனி ஞாயிறும் வீட்டில் நடத்துங்கள். அதுவும் வீட்டுப் பள்ளிதான், எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

ஒரு தைரியமும் சொல்கிறேன். வீட்டில் சரிப்படவில்லை என்றால் 14 வயது வரை எப்போது வேண்டுமானாலும் அரசுப் பள்ளியில் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள அதே சட்டம் இடம் கொடுக்கிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதம் என்று சொல்லித் திருப்பி அனுப்பவும் முடியாது.

எழுத்துச் சொல்லிக் கொடுக்க அட்டைகள் கடையில் விலை அதிகமாக இருக்கிறது. வீட்டிலேயே செய்யலாமா? 247 எழுத்துக்கும் செய்ய வேண்டுமா?
– வாசகி, கும்பகோணம்

வேண்டவே வேண்டாம். ஒரு தாலாட்டு மாதிரி அ ஆ இ ஈ ஒப்பிக்கட்டும், அது நல்லதுதான். ஆனால் எழுத முதலில் நான் எடுப்பது ட, ப, ம. மூன்றும் நேர்கோட்டில் வந்துவிடும், ம மட்டும் கொஞ்சம் வளையும். அப்புறம் புள்ளி. இந்த மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் கையில் வந்தால் பிள்ளை படம், மடம், பட்டம், மட்டம் என்று சொல்லையே வாசித்துவிடும். தான் ஒரு சொல்லை வாசித்துவிட்டோம் என்று தெரிந்ததும் அந்த முகம் மாறுவதைப் பாருங்கள். அதற்காகத்தான் இந்த வரிசை. அடுத்து ய, ர, க, ல. அப்புறம் ஒவ்வொரு உயிர்க்குறியாக. கால் சேர்ந்தால் பாட்டம், மாடம். கொம்பு வருகிற எழுத்துகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டைக்குக் கல்யாணப் பத்திரிகை. ஐப்பசியிலிருந்து வீட்டுக்கு வருகிற பத்திரிகைகளை எடுத்து வைத்தாலே போதும். கெட்டியான அட்டை, பின்பக்கம் வெள்ளை. உள்ளங்கை அளவுக்கு வெட்டி, மார்க்கரால் பெரிதாக ஒரு எழுத்து. அதே எழுத்தின் மேல் பசை தடவி ஆற்று மணலைத் தூவி உதறிவிட்டால் சொரசொரப்பாக நிற்கும். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டி என்ன எழுத்து என்று சொல்ல வேண்டும். மணலைச் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உதிரும். எண்களுக்கு அட்டை எழுதக்கூட வேண்டாம். தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளைச் சேர்த்து வைத்தால் 1 முதல் 31 வரை பெரிய எழுத்தில் கிடைக்கிறது. வரிசையாக அடுக்கச் சொல்லலாம், மூன்று மூன்றாகத் தாண்டி அடுக்கச் சொல்லலாம். கிழமை, திதி, தமிழ் மாதம் எல்லாம் அதே தாளில் இருப்பதால் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கும் வேலை இருக்கிறது.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் விரலால் எழுதித்தான் படித்தார்கள். ஒரு தாம்பாளத்தில் மணலோ ரவையோ கொட்டிக் கொடுங்கள். தப்பாக எழுதினால் ஒரு ஆட்டு ஆட்டினால் அழிந்துவிடும் என்பதால் பிள்ளைக்குத் தப்பைப் பற்றிய பயமே வராது.

எனக்கு 68 வயது. பேரப்பிள்ளைகள் நால்வருக்குக் கணக்கு நான் சொல்லித் தருவதாக ஒப்புக்கொண்டேன். எனக்குத் தெரிந்தது விவசாயக் கணக்கு மட்டும்தான். அது போதுமா?
– வாசகர், திருவையாறு

ஐயா, உங்களுக்குத் தெரிந்த கணக்கைச் சொல்லிக் கொடுக்க இன்றைக்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது. குழி, மா, வேலி இதிலிருந்தே தொடங்குங்கள். அறுவடை முடிந்த வயலில் கயிறும் முளைக்குச்சியும் கொண்டுபோய், பக்கத்துக்கு 12 அடி வைத்து ஒரு சதுரம் கட்டச் சொல்லுங்கள். அது ஒரு குழி, 144 சதுர அடி. அதற்குள் நின்று பார்க்கட்டும். நூறு குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மூணு மா ஒரு ஏக்கர் என்று நாம் வாயால் சொல்கிறோம். பெரிய பேரனைக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மூணு மா 43,200 சதுர அடி, ஏக்கர் 43,560. 360 சதுர அடி, அதாவது இரண்டரைக் குழி இடிக்கிறது. ஒரு வேலி 6.61 ஏக்கர் என்று அவனே கண்டுபிடிப்பான். பரப்பளவு, பெருக்கல், தசமம் மூன்றும் ஒரே வயலில் முடிந்தது.

நெல் போடுகிறபோது கொள்முதல் நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். மூட்டைக்கு 40 கிலோ, ஈரப்பதம் 17 சதவீதம் வரை. 2025 செப்டம்பரில் தொடங்கிய பருவத்துக்குச் சாதா ரகம் குவிண்டால் 2500 ரூபாய், சன்ன ரகம் 2545. சாதா ரக மூட்டை எவ்வளவு? சரியாக 1000 ரூபாய், சின்னப் பேத்திகூடச் சொல்லிவிடுவாள். சன்ன ரகத்துக்கு 1018. அங்கே கொடுக்கிற ரசீதை வாங்கி வந்து வீட்டில் மறுபடி போட்டுப் பார்ப்பது ஒரு முழு நாள் பாடம்.

அப்புறம் நிழல் கணக்கு. மூன்று அடிக் குச்சியை நட்டு அதன் நிழலை அளந்தால் இரண்டு அடி. அதே நேரத்தில் தென்னையின் நிழல் 30 அடி. மரம் எவ்வளவு உயரம்? 45 அடி. மரமேறாமல் மரத்தை அளந்துவிட்டோம் என்பதில் பிள்ளைகளுக்குப் பெருமை தாங்காது. அது கைவந்ததும் தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போய் வாருங்கள், உங்களுக்குப் பஸ்ஸில் பக்கம்தானே. 1010-ல் ராஜராஜன் கட்டி முடித்த விமானம், ஏறத்தாழ 216 அடி. அதன் நிழல் தரையில் விழாது என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். காலையில் போய் மேற்குப் பிராகாரத்தில் நில்லுங்கள். நிழல் தரையில் நன்றாகவே விழுந்து கிடக்கும். ஊரே சொன்னாலும் கண்ணால் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பிள்ளைக்குப் படும். அப்புறம் அடித்தளத்தில் இருக்கிற கல்வெட்டில் இன்றைய எழுத்துப்போலவே இருப்பவை எவை என்று தேடச் சொல்லுங்கள். க, ட, ப, ம கண்ணில் படும்.

இங்கிலீஷ் எப்படி?
– வாசகி, பேராவூரணி

முதலில் தமிழில் தடையில்லாமல் வாசிக்க வரட்டும். அதற்குள் காதுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். எனக்கே இங்கிலீஷ் சுமார்தான். அதனால் நான் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து படித்தேன். தினமும் பத்து வரி சத்தமாக வாசித்தோம், அகராதியை ஆள் மாற்றி ஆள் புரட்டினோம்.

அக்கா, எனக்கு 15 வயசு. எங்கள் வீட்டில் ஆறு பேர், நான்தான் மூத்தவள். அம்மா எங்களை வீட்டில்தான் படிக்க வைக்கிறார்கள். ஆனால் தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்வது முழுக்க நான்தான். அப்புறம் சமையலில் கூட இருக்க வேண்டும். எனக்குப் படிக்க நேரமே இல்லை. பத்தாவது எழுதணும். அம்மாவை நான் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் முடியவில்லை. என்ன செய்வது?
– பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு மகள்

கண்ணு, உன் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன். இதற்கு என்ன எழுதுவது என்று நிறைய யோசித்தேன்.

மூத்த பிள்ளை இளையதுக்குச் சொல்லிக் கொடுப்பது நம் மண்ணின் பழைய வழக்கம். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்று மூத்த மாணவர் ஒருவர் இருப்பார், அண்ணாவி, அதாவது வாத்தியார், வருகிற வரைக்கும் அவர்தான் நடத்துவார். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூரில் அநாதைப் பிள்ளைகள் பள்ளியைக் கவனித்துவந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்து பாதிரியார், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து, பெரிய பிள்ளைகளை வைத்துச் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற முறையைத் தன் பள்ளியில் நடத்தினார். 1797-ல் அதைப் பற்றி லண்டனில் எழுதினார். மெட்ராஸ் முறை என்றே அதற்குப் பெயர் வந்து இங்கிலாந்துப் பள்ளிகளுக்கெல்லாம் பரவியது. சொல்லிக் கொடுக்கிறவருக்கும் பாடம் ஆழமாகப் பதியும் என்பது உண்மை. உனக்கும் அது நடந்திருக்கும்.

ஆனால் அதற்கு ஒரு அளவு உண்டு. எங்கள் வீட்டில் மூத்த பிள்ளை இளையதுக்குச் சொல்வது ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான். அதுவும் ஒரே ஒரு பிள்ளைக்கு. அதற்கு மேல் போனால் அது பெரியவர்களின் வேலை, உன் தலையில் வைக்கக் கூடாது. நீ சுயநலமாகக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறாய்.

இந்தப் பக்கத்தை அம்மாவிடம் கொடு. இனி எழுதுவது அவர்களுக்கு.

அம்மா, ஆறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீங்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும். நானும் ஏழு பேருக்குச் சோறு வடித்துக்கொண்டே வாய்ப்பாடு கேட்டவள். உங்கள் மகள் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாக எழுதவில்லை. அவளுக்குக் காலையில் மூன்று மணி நேரம் வேண்டும். அந்த நேரத்தில் யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது. தண்ணீர் வந்தாலும் பால்காரர் வந்தாலும் வேறு ஆள் போகட்டும். திண்ணையோ மாடியோ பக்கத்து வீட்டு ரேழியோ, கண்ணில் படாத இடமாகப் பாருங்கள். கண்ணில் பட்டால் சின்னதுகள் மடியில் ஏறும். அந்த மூன்று மணி நேரத்தில் மற்ற அஞ்சு பேரையும் மன்னார்குடி வாசகிக்குச் சொன்ன மாதிரி ஒரே பாடத்தில் உட்கார வையுங்கள். பன்னிரண்டு பதிமூன்று வயசில் ஒரு பிள்ளை இருந்தால் அரை மணிப் பொறுப்பு இனி அவனுக்கு. ஆண் பிள்ளையாக இருந்தாலும் சரி, சமையலில் கூட நிற்பதும் முறை வைத்துத்தான். காய் நறுக்குவதில் பின்னமும் இருக்கிறது, உலை கொதிப்பதில் அறிவியலும் இருக்கிறது. அவர் வயலிலிருந்து வந்தபின் ராத்திரி ஒரு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்பா சொல்லிக் கொடுக்கிற பாடம் வேறு விதமாகப் பதியும்.

மறுபடி உனக்கு, கண்ணு. திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவதுக்கு வயது உனக்குச் சரியாக இருக்கிறது. அஞ்சு பாடம் எடுத்தால் போதும். தேர்வு வருஷத்துக்கு இரண்டு முறை வரும், ஏப்ரல்-மே ஒன்று, அக்டோபர்-நவம்பர் ஒன்று. ஒருமுறை பதிந்தால் அஞ்சு வருஷம் செல்லும், ஒன்பது வாய்ப்பு உண்டு. அஞ்சையும் ஒரே தடவையில் எழுத வேண்டும் என்பதில்லை. உனக்கு நன்றாக வருகிற இரண்டை முதலில் எழுதி முடித்துக்கொள். கணக்கைக் கடைசிக்கு வை என்று சிலர் சொல்வார்கள், அதைக் கேட்காதே. கணக்கைத் தினமும் காலையில் முதல் ஒரு மணி நேரம் போடு, தலை தெளிவாக இருக்கும்போது. எந்தப் பாடங்கள் எடுக்கப் போகிறாய், எதில் தடுக்குகிறது என்று எனக்கு எழுது. அடுத்த இதழுக்குக் காத்திராமல் தபாலிலேயே பதில் போடுகிறேன்.